பஜ்ஜி எண்ணெய், முட்டை ஓடு, வாழைச் சாம்பல்: பயோடீசல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து, வேளாண் கழிவில் செய்த வினையூக்கியை (வேதிவினையை வேகப்படுத்தும் பொருளை)க் கொண்டு பயோடீசல் எடுப்பது பற்றிச் சென்னையில் மூன்று வகையினர் கேட்கிறார்கள்: இறுதியாண்டுத் திட்டப்பணி தேடும் பொறியியல் மாணவர்கள், சிப்ஸ் கடை நடத்துபவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தார். மாணவர்கள் வினையூக்கியைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். கடைக்காரர்கள் விலையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். எண்ணெயைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சமையல் எண்ணெய் எப்படி டீசலாகிறது?

டீசலாக ஆவதில்லை. டீசல் எஞ்சினில் எரியக்கூடிய வேறொரு பொருளாகிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசராலோடு மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பிணைந்திருக்கின்றன. மெத்தனாலையும் வினையூக்கியையும் சேர்த்துச் சூட்டில் கலக்கினால், சங்கிலிகள் கிளிசராலை விட்டுப் பிரிந்து ஆளுக்கொரு மெத்தனாலோடு சேர்ந்துகொள்கின்றன. அந்த மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். ஏறத்தாழ 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் வினைபுரிந்தால் 100 கிலோ பயோடீசலும் 11 கிலோ கிளிசரினும் (கிளிசராலின் இன்னொரு பெயர்) கிடைக்கும். கிளிசரின் கனமானது, அடியில் தங்கிவிடும்.

இந்தச் சிரமம் எதற்கு, எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடிக்காட்டியது உண்மைதான். ஆனால் தாவர எண்ணெயின் பிசுக்குமை, அதாவது எளிதில் ஓடாத தடிப்பு, டீசலைவிடப் பத்து மடங்கு வரை அதிகம். இன்றைய எஞ்சினில் எண்ணெயைத் தெளிக்கும் துளைகள் மிக நுண்ணியவை. எண்ணெய் புகையாய்ச் சிதறாமல் துளியாய் விழும், முழுதாக எரியாது, கரி படியும். வினைக்குப் பிறகு பிசுக்குமை டீசலுக்கு நெருக்கமாக இறங்கிவிடுகிறது.

வேளாண் கழிவு எதற்கு? சோடியம் ஹைட்ராக்சைடு கடையில் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, மலிவும்கூட. நல்ல எண்ணெய் என்றால் லிட்டருக்கு நான்கைந்து கிராம் போதும், ஒரு மணி நேரத்தில் வினை முடிந்துவிடும். இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அது மெத்தனாலில் கரைந்துவிடுவதால் திரும்ப எடுக்க முடியாது. பயோடீசலைத் தண்ணீரால் பலமுறை கழுவித்தான் அகற்ற வேண்டும், அந்தக் கழுவுநீர் ஒரு தனித் தலைவலி. இரண்டு, பலமுறை பொரித்த எண்ணெயில் உள்ள தனிக் கொழுப்பு அமிலங்களோடு (கிளிசராலை விட்டுப் பிரிந்து நிற்பவை) சேர்ந்து அது சோப்பாகிவிடும். சோப்பு வந்துவிட்டால் பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் கெட்டித் தயிராக நிற்கும்.

திட வினையூக்கி கரையாது, அல்லது அதிகம் கரையாது. வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம், கிளிசரினும் ஓரளவு சுத்தமாகக் கிடைக்கும். அதைக் கழிவிலிருந்தே செய்ய முடியும் என்பதுதான் இந்தத் துறையில் இத்தனை ஆய்வுகள் நடக்கக் காரணம்.

சென்னையில் எந்தக் கழிவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன?

கோயம்பேட்டில் வாழைத்தார்த் தண்டும் வாழை மட்டையும் தினமும் குவிகின்றன. ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அங்கேயே ஒரு வினையூக்கித் தொழிற்சாலை வைக்கலாம் போலிருக்கும். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் உமியும் உமிச் சாம்பலும் இருக்கின்றன. இளநீர்க் கூடு எல்லாத் தெருமுனையிலும் உண்டு, கரும்புச் சாறு வண்டிதோறும் சக்கை கிடக்கிறது. முட்டை ஓடு வேண்டுமென்றால் பேக்கரிகளும் உணவகங்களும் இருக்கின்றன. முட்டை நாமக்கல்லிலிருந்து வந்தாலும் ஓடு இங்கேதான் தங்குகிறது.

எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. முட்டை ஓட்டின் சரக்கு கால்சியம். வாழை, தேங்காய் மட்டை ஆகியவற்றின் சாம்பலில் சரக்கு பொட்டாசியம். உமியில் சிலிக்கா. சக்கையிலும் சிரட்டையிலும் நமக்கு வேண்டியது கரி. வேதியியலும் அதற்கேற்ப மாறுகிறது.

முட்டை ஓட்டை வினையூக்கியாக்குவது எப்படி?

தொடங்குபவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஓட்டில் 94, 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதைச் சுமார் 850 முதல் 900 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு எஞ்சும். அதாவது சுட்ட சுண்ணாம்பு. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நம் ஊர் காலங்காலமாகச் செய்ததும் இதே வினைதான். பழைய மெட்ராஸ் கட்டடங்களின் வழவழப்பான சுவர்ப்பூச்சுக்கு அந்தச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்தார்கள். நாம் இப்போது ஓட்டையும் விட்டுவைக்காமல் எடுத்துக்கொள்கிறோம்.

ஓட்டை நன்றாகக் கழுவி, உட்புறச் சவ்வை முடிந்தவரை உரித்துவிட்டு, காயவைத்து இடிக்க வேண்டும். சவ்வு இருந்தால் உலையில் முடி கருகுவதுபோல் நாற்றம் எழும், பக்கத்து ஆய்வகத்தாரின் நல்லெண்ணம் போய்விடும். சுட்டபின் எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். சுத்தமான கார்பனேட்டுக்குக் கணக்கு 44 சதவீத இழப்பு, சவ்வும் ஈரமும் சேர்ந்து இன்னும் சற்றுக் கூடும். 20, 30 சதவீதம்தான் குறைந்தது என்றால் ஓடு உள்ளே வேகவில்லை. நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், தராசைப் பாருங்கள். எரிவாயு அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து இதைச் செய்ய முடியாது. கல்லூரி ஆய்வகத்து மஃபிள் உலை (மூடிய உயர்வெப்ப உலை) வேண்டும்.

அடுத்து வருவது சென்னைக்கே உரிய பிரச்சினை, கடற்காற்று. கால்சியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிவிடும். கரியமில வாயுவை வாங்கிப் பழையபடி கார்பனேட்டாகவும் மாறும். நம் ஊர்க் காற்றில் திறந்துவைத்த பொடி சீக்கிரமே வலுவிழக்கும். உலையிலிருந்து எடுத்து, ஈரமுறிஞ்சி உள்ள மூடிய கலத்தில் ஆறவைத்து, அன்றே பயன்படுத்துவது நல்லது. ‘போன மாதம் செய்த வினையூக்கி இப்போது வேலை செய்யவில்லை’ என்று மாணவர்கள் எழுதும்போது நான் முதலில் கேட்பது டப்பாவின் மூடியைப் பற்றித்தான்.

வாழைச் சாம்பல் இன்னும் எளிதில்லையா?

செய்வதற்கு எளிது. காயவைத்து எரித்து, சாம்பலை 600, 700 டிகிரியில் மீண்டும் சுட்டால் போதும். அதில் பொட்டாசியம் கார்பனேட் செறிவாக இருப்பதால் வினையும் வேகமானது. அசாமில் வாழைச் சாம்பலை நீரில் கரைத்து வடித்த காரத்தைச் சமையலிலேயே சேர்க்கிறார்கள், அந்தக் காரம்தான் இங்கே வேலை செய்கிறது.

ஆனால் இதைத் ‘திட’ வினையூக்கி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பொட்டாசியம் கார்பனேட் மெத்தனாலில் ஓரளவு கரையும். வேகத்தின் ஒரு பகுதி கரைந்துபோன பொட்டாசியத்தால் வருகிறது. அதனால்தான் இரண்டாம், மூன்றாம் சுற்றில் விளைச்சல் மளமளவென்று விழுகிறது. சோதித்துப் பார்க்க விரும்பினால் சாம்பலை மெத்தனாலில் மட்டும் ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டி, அந்தத் தெளிந்த மெத்தனாலை எண்ணெயில் சேர்த்துப் பாருங்கள். வினை நடந்தால், உங்கள் வினையூக்கி கரைந்துகொண்டிருக்கிறது. இந்தச் சோதனை இல்லாத திட்ட அறிக்கையை நான் மதிப்பதில்லை.

உமிச் சாம்பல்?

தனியாக உதவாது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. சிலிக்காவுக்குக் காரத்தன்மை கிடையாது. அதன் நுண்துளை மேற்பரப்பில் கால்சியத்தையோ பொட்டாசியத்தையோ ஏற்றிச் சுட்டால் நல்ல தாங்கியாகும். உமியை அளவான சூட்டில் எரித்திருக்க வேண்டும். ஆலைக் கொதிகலனில் அதிகச் சூடு பட்ட சாம்பலில் சிலிக்கா படிகமாகி மந்தமாகியிருக்கும். செங்குன்றத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருவதற்கு முன் சாம்பல் எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

கரும்புச் சக்கையையும் சிரட்டையையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

இவை அமில வினையூக்கிகள். காற்றில்லாமல் 400, 500 டிகிரியில் கரியாக்கி, அடர் கந்தக அமிலத்தில் சுமார் 150 டிகிரியில் வேகவைத்தால் கரியின் மேல் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் மிகுந்த மோசமான எண்ணெயைக்கூட இது சோப்பாக்காமல் எஸ்டராக்கும் என்பது பெரிய பலம். ஆனால் காரத்தைப்போல் வேகம் கிடையாது. சூடான அடர் கந்தக அமிலத்தைக் கையாள்வது பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் புகைப்போக்கிப் பெட்டிக்குள் நடக்க வேண்டிய வேலை. கரியைக் கழுவும் நீரிலும் அமிலம் இருக்கும். ‘பசுமை வினையூக்கி’ என்று தலைப்பிட்டுவிட்டு அந்த நீரை வாஷ்பேசினில் கொட்டுவது வேடிக்கை.

எந்த எண்ணெய் சரிப்படும்? எப்படிச் சோதிப்பது?

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. சென்னைக் கடைகளில் பெரும்பாலும் பாமாயில். சில உணவகங்களில் சூரியகாந்தி, தவிட்டெண்ணெய், கடலை எண்ணெய். நேந்திரம் சிப்ஸ் போடும் இடங்களில் தேங்காய் எண்ணெயும் உண்டு. பஜ்ஜி, வடைச் சட்டியில் மாவுத் துகளும் நீரும் அதிகம். கோழி பொரித்த எண்ணெயில் கோழிக் கொழுப்பும் மசாலாவும் உப்பும் கலந்திருக்கும். உருளைக்கிழங்குச் சிப்ஸ் போட்ட எண்ணெய் ஒப்பீட்டளவில் சுத்தம். இவை எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் ஊற்றிவிட்டு ‘என் எண்ணெய்’ என்று பேசுவதில் பொருளில்லை. ஒவ்வொரு தொகுதியும் புது எண்ணெய்தான், ஒவ்வொன்றையும் சோதிக்கத்தான் வேண்டும்.

முதலில் துகள். மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, சில நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் இறங்கும். மேலே உள்ளதை மட்டும் எடுங்கள்.

அடுத்து நீர். ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. எண்ணெய் முழுவதையும் 105, 110 டிகிரியில், வெடிப்பு அடங்கும்வரை, கிளறியபடி வைத்திருக்க வேண்டும். பொங்கும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கால்சியம் ஆக்சைடு வினையூக்கிக்கு மிகச் சிறிதளவு நீர் கெடுதல் செய்யாது, தொடக்கத்தில் உதவவும் கூடும். ஆனால் வடைச் சட்டி எண்ணெயில் இருப்பது மிகச் சிறிதளவு அல்ல.

மூன்றாவதும் முக்கியமானதும் அமிலம். எண்ணெய் திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது, உணவிலிருந்து வரும் நீர் கொழுப்பை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. அளக்க ஒரு பியூரெட் (அளவுக் கோடுகளும் திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) போதும். 10 கிராம் எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்துங்கள். செலவான மில்லிலிட்டரை 0.282ஆல் பெருக்கினால் தனிக் கொழுப்பு அமிலத்தின் சதவீதம் கிடைக்கும். 10 மி.லி. ஆனால் 2.8 சதவீதம்.

ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கொண்டாட்டம். இரண்டு வரை முட்டை ஓட்டுச் சுண்ணாம்பு தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சோப்பாகிவிடும். அது நீரிலும் கரையாத பிசுக்கு, வினையூக்கியின் மேலேயே படிந்து அதைச் சாகடிக்கும். அப்படிப்பட்ட எண்ணெயை முதலில் மெத்தனாலோடும் சிறிது கந்தக அமிலத்தோடும், அல்லது மேலே சொன்ன அமிலக் கரியோடும் 60 டிகிரியில் வினைபுரியவைத்து, அமிலங்களை எஸ்டராக்கி, உண்டாகும் நீரைப் பிரித்துவிட்டுப் பிறகு சுண்ணாம்புக்கு வர வேண்டும். இல்லையென்றால் நல்ல எண்ணெயோடு கலந்து சராசரியை இறக்கலாம். இந்த இரண்டாவது வழியைத் தொழிற்கூடங்கள் வெட்கமில்லாமல் செய்கின்றன, மாணவர்கள்தான் கூச்சப்படுகிறார்கள்.

சார், ஒரு லிட்டருக்கு எவ்வளவு மெத்தனால், எவ்வளவு வினையூக்கி? நேரடியாகச் சொல்லுங்கள்.

பாமாயில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களுக்குக் கணக்கு இது. வினைக்குத் தேவையான குறைந்தபட்ச விகிதம் ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு மூன்று மூலக்கூறு மெத்தனால். மீளும் வினை என்பதால் மிகையாகச் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கரையும் காரத்துக்கு ஆறு போதும், அதாவது லிட்டருக்குச் சுமார் 250 மி.லி. திடப் பொடிக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு, அதாவது 380 முதல் 510 மி.லி. வினையூக்கி எண்ணெயின் எடையில் 3 முதல் 5 சதவீதம். சூடு 60 முதல் 65 டிகிரிக்குள், ஏனென்றால் மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும். ஆவி தப்பாதபடி மேலே குளிர்விப்பான் கட்டாயம். நேரம் இரண்டு மூன்று மணி.

தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் குட்டையானவை. ஒரே எடையில் மூலக்கூறுகள் அதிகம், மெத்தனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். இதை மறந்துவிட்டு விளைச்சல் குறைவு என்று வருந்துபவர்கள் உண்டு.

கலக்கும் வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றோடொன்று கலக்காதவை, பொடியோ இரண்டிலும் கரையாதது. மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் வினை. பொடி அடியில் தங்குமளவுக்குக் கலக்கும் துடுப்பு மெதுவாகச் சுற்றினால் நாள் முழுக்கச் சுற்றலாம்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எஸ்டர் அளவைக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி இல்லாவிட்டால் ஒரு நாட்டு வழி உண்டு. 3 மி.லி. பயோடீசலை 27 மி.லி. மெத்தனாலில் விட்டுக் குலுக்குங்கள். பயோடீசல் முழுதாகக் கரையும், வினைபுரியாத எண்ணெய் கரையாமல் அடியில் துளியாய் நிற்கும். குளிரூட்டிய அறையில், 20 டிகிரியை ஒட்டிச் செய்யுங்கள். சென்னை வெயிலில் செய்தால் தேறாததும் தேறிவிடும்.

இது வடிகட்டும் சோதனைதான், சான்றிதழ் அல்ல. இந்தியத் தரம் ஐ.எஸ். 15607. எஸ்டர் அளவு குறைந்தது 96.5 சதவீதம், அமில எண் 0.5க்குள், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள், சோடியமும் பொட்டாசியமும் அதேபோல் 5க்குள் இருக்க வேண்டும் என்கிறது. முட்டை ஓட்டுக்காரர்கள் கால்சியம் வரியையும், வாழைச் சாம்பல்காரர்கள் பொட்டாசியம் வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டும். ‘விளைச்சல் 96 சதவீதம்’ என்று சுவரொட்டியில் போட்டுவிட்டு இந்த இரண்டு எண்களையும் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம்?

சுத்தமான புது எண்ணெயில் பல முறை. பஜ்ஜிக் கடை எண்ணெயில் அதைவிடக் குறைவு. கிளிசரினும் சோப்பும் படிந்து துளைகள் அடைபடுகின்றன, கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. மெத்தனாலில் கழுவி மறுபடி 850 டிகிரியில் சுட்டால் ஓரளவு உயிர் திரும்பும், ஆனால் அந்த உலைக்கும் மின்கட்டணம் உண்டு.

அப்படியானால் கழிவு வினையூக்கியால் செலவு குறைகிறதா?

அதிகம் குறைவதில்லை. பயோடீசலின் அடக்கவிலையில் பெரும்பங்கு, பொதுவாக நான்கில் மூன்று பங்கு அளவுக்கு, எண்ணெயின் விலை. அடுத்தது மெத்தனால். வினையூக்கி கடைசி வரிசை. லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் 30, 40 கிராம் சுண்ணாம்பைப் போடுகிறீர்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஓடு சேகரித்து, கழுவி, சுட வேண்டும். மெத்தனாலும் அதிகம் பிடிக்கிறது, மிச்சத்தைக் காய்ச்சி மீட்க வேண்டும்.

ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. கழுவுநீர் குறைகிறது, கிளிசரின் சுத்தமாகிறது, தொடர்ந்து ஓடும் உலைக்கலத்தில் வினையூக்கியை நிலையாக நிறுத்த முடிகிறது. அறிக்கையில் ‘கழிவு என்பதால் இலவசம்’ என்று எழுதாமல் இவற்றை அளந்து எழுதுங்கள். பணத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், நல்ல எண்ணெயைக் குறைந்த அமிலத்தோடு சேகரிக்க ஒரு வேனும் இரண்டு ஆட்களும் தருகிற பலனை எந்த வினையூக்கியும் தராது.

வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்க்கலாமா?

கூடாது. காரணம் மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கள்ளச்சாராயத்தில் பலிகொண்ட அதே பொருள். சிறிதளவு உள்ளே போனாலும் பார்வை பறிபோகலாம். தோல் வழியாகவும் ஆவியாகவும் உடலுக்குள் போகும். சுமார் 11 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும், அதாவது சென்னையில் வருடம் முழுவதும் எந்நேரமும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தமிழ்நாட்டில் அதை வாங்கவும் இருப்புவைக்கவும் உரிமம் வேண்டும். கல்லூரிகள்கூட இருப்புப் பதிவேடு வைத்தே எடுக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிவைக்கும் பழக்கம் எந்த ஆய்வகத்தில் இருந்தாலும் அது ஒழிய வேண்டும்.

மெத்தனாலுக்குப் பதில் எத்தனால்?

முடியும். கரும்பிலிருந்து வருவது, நச்சும் குறைவு. ஆனால் வினை மந்தம், கிளிசரின் பிரிய மறுக்கும், நீரே இல்லாத எத்தனால் வேண்டும். அதற்கும் உரிமம் உண்டு. முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

வண்டியில் ஊற்றலாமா?

பெட்ரோல் வண்டியில் ஒருபோதும் கூடாது. இன்றைய பி.எஸ். 6 டீசல் கார்களில், வீட்டிலோ கல்லூரியிலோ செய்ததை ஊற்றாதீர்கள். உயரழுத்தத் தெளிப்பான் ஒன்று பழுதானால் நீங்கள் மிச்சம்பிடித்ததெல்லாம் பறந்துவிடும். தரச் சோதனையில் தேறிய பயோடீசலைச் சிறு விகிதத்தில் டீசலோடு கலப்பது வேறு கதை. கந்தகம் நீக்கிய இன்றைய டீசலுக்குக் குறைந்துபோன வழுவழுப்பை அது திருப்பித் தருகிறது, கரும்புகையையும் கார்பன் மோனாக்சைடையும் குறைக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு சற்றுக் கூடலாம். லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் டீசலைவிடச் சில சதவீதம் குறைவு.

கல்லூரியின் பழைய ஜெனரேட்டரில் சோதிக்கலாம். பயோடீசல் நல்ல கரைப்பான் என்பதால் தொட்டியில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கும், ஆரம்பத்தில் மாற்று வடிகட்டி கையில் இருக்கட்டும். இயற்கை ரப்பர்க் குழாய்கள் ஊதி இளகும், அவற்றை முன்பே மாற்றிவிடுங்கள்.

பாமாயில் பயோடீசல் குளிரில் உறையுமாமே?

15 டிகிரிக்குப் பக்கத்தில் கலங்கத் தொடங்கும். மார்கழி விடியலிலும் சென்னை அந்த அளவுக்கு இறங்குவது அரிது. ஊட்டிக்குப் போகும் வண்டியில் மட்டும் ஊற்றாதீர்கள்.

எனக்குச் சிப்ஸ் கடை. பழைய எண்ணெயை என்ன செய்யச் சொல்கிறது சட்டம்?

எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. இது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. கையடக்க மீட்டரைச் சூடான எண்ணெயில் முக்கினால் அளவு தெரியும். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள், 2019 மார்ச் முதல் பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுபெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் நாளில் தொடங்கிய ‘ரூகோ’ (பயன்படுத்திய சமையல் எண்ணெயை மறுபயனுக்குக் கொண்டுவரும்) திட்டத்தின் கீழ் வருவது இது. அதே ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்து, பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் மூலப்பொருளாகக் குறிப்பிடுகிறது.

சிறிய கடையானாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கழித்த எண்ணெயைக் கூடுதல் விலைக்குக் கேட்டு வருபவர் யார் என்று பாருங்கள். பெரிய கடை வடித்த எண்ணெய் சிறிய தள்ளுவண்டிக்குப் போய் மறுபடி சட்டியில் ஏறுவது இந்த நகரத்தில் எல்லோரும் அறிந்த இரகசியம். எரிபொருளுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒருவருடைய வயிற்றுக்குப் போகாத லிட்டர். பயோடீசலால் வரும் நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், புகை குறைவதைக்கூட இரண்டாவதாகத்தான்.

எங்கள் குடியிருப்பில் மாதம் சில லிட்டர் சேரும். அதை?

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், சாக்கடைக் குழாயில் கட்டியாய் உறைந்து அடைக்கும். ஆறிய எண்ணெயை வடிகட்டி, ஒரு பொதுக் கேனில் சேர்த்து, நிறைந்ததும் பதிவுபெற்ற சேகரிப்பாளரை அழையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். தீபாவளிக்கு அடுத்த வாரம் கேன் ஒன்று போதாது. அந்தக் கேனில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதபடி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், ஒரு கரண்டி கலந்தாலும் முழுக் கேனும் வீண்.

இது முழுக்கப் பசுமை எரிபொருளா?

முழுக்க அல்ல. மெத்தில் ஓலியேட் என்ற வழக்கமான பயோடீசல் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்கள். பதினெட்டு எண்ணெயிலிருந்து வந்தவை, ஒன்று மெத்தனாலிலிருந்து. மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது, இந்தியா அதில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. முட்டை ஓட்டைச் சுடும்போதும் கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 0.8 கிலோ கரியமில வாயு வெளியேறும், உலையின் மின்சாரம் தனி. இவ்வளவையும் கழித்த பிறகும், கீழே கொட்டவோ மறுபடி பொரிக்கவோ இருந்த எண்ணெய் என்பதால் கணக்கு லாபத்தில்தான் நிற்கிறது. இதற்கென்றே புதுப் பாமாயிலை வாங்கினால் அந்த லாபம் கிடையாது.

அடியில் தங்கிய கிளிசரினை வைத்துச் சோப்புச் செய்யலாமா?

மெத்தனாலை முழுதாகக் காய்ச்சி எடுக்கும்வரை கூடாது. அந்தக் கிளிசரினில் மிகை மெத்தனாலின் கணிசமான பகுதி கரைந்திருக்கும். திறந்த வாளியில் வைத்து ‘காற்றில் போய்விடும்’ என்பவர்களை நம்பாதீர்கள், அது போவது உங்கள் மூக்குக்குத்தான். மூடிய கலத்தில் காய்ச்சி வடித்தால் மெத்தனால் அடுத்த தொகுதிக்கு உதவும். எஞ்சிய கிளிசரினை உரத்துக்கென்று மண்ணில் ஊற்றுவதைவிட, சாண எரிவாயுக் கலனில் சிறிது சிறிதாகச் சேர்ப்பது பயனுள்ளது. நுண்ணுயிரிகள் அதை விரைவாக உண்டு மீத்தேனைக் கூட்டித் தரும். ஒரேயடியாக ஊற்றினால் கலன் புளித்து நின்றுவிடும். கழித்த சுண்ணாம்புப் பொடியில் எண்ணெய்ப் பிசுக்கும் மெத்தனாலும் ஒட்டியிருக்கும், மீண்டும் சுடாமல் அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.